தேர்தல் பத்திரமா, சூப்பர் பேக்கா?

பெரும்பணம் அரசியலுக்குள் நுழைய இரண்டு வாசல்கள். அமெரிக்காவில் 2010 நீதிமன்றத் தீர்ப்புகளால் பிறந்த சூப்பர் பேக் (Super PAC) என்ற தேர்தல் நிதிக் குழு, வேட்பாளர் கையில் காசு கொடுக்கக் கூடாது; அவருக்காகத் தனியே எவ்வளவு வேண்டுமானாலும் செலவழிக்கலாம். 2024இல் ஈலான் மஸ்க் இப்படி 25 கோடி டாலருக்கு மேல் கொட்டினார். ஊருக்கே தெரிந்த விஷயம்.

இந்தியாவில் 2018இல் வந்த தேர்தல் பத்திரம், அதாவது கட்சிக்கு நன்கொடை தரும் பத்திரம், நேரெதிராக இருந்தது. ஸ்டேட் வங்கியில் வாங்கி நேராகக் கட்சிக்கே கொடுக்க முடிந்தது. கொடுத்தவர் பெயர் வெளியே வரவில்லை. அரசு வங்கிக்குத் தெரிந்தது, ஓட்டுப் போடுகிறவருக்குத் தெரியவில்லை! 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்த பிறகுதான், கோவை லாட்டரி நிறுவனம் ஒன்று 1,368 கோடி ரூபாய்க்கு வாங்கியது அம்பலமானது.

என்னைக் கேட்டால் சூப்பர் பேக் கொஞ்சம் பரவாயில்லை. சரி, அங்கேயும் ஓட்டை உண்டு: லாப நோக்கமற்ற அமைப்பு வழியாகப் பணம் வந்தால், கொடுத்தவர் பெயர் மறைந்துவிடும்.