எந்த வேலை முற்றத்தில், எந்த வேலை கராஜில்? வன்னி லொறிக்காரருக்கு ஒரு கணக்கு

வன்னியில் இன்றைக்கும் பாரம் இழுப்பவை பெரும்பாலும் பழைய வண்டிகள்தான். 4D33 இயந்திரம் பூட்டிய மிட்சுபிசி கன்டர், 4JB1 பூட்டிய இசுசு எல்ஃப், கிரவலும் மணலும் ஏற்றும் டாட்டா, லேலன்ட் டிப்பர்கள். 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் பரவலாகத் திறந்தது. அதுவரை இருந்ததை உருட்டித்தான் எல்லோரும் காலம் தள்ளினார்கள், புது லொறியின் விலையைப் பார்த்தால் இன்னும் சில வருடம் அப்படித்தான்.

வவுனியாவிலிருந்து பரந்தன் வரை ஏ9 வீதியில் கராஜுக்குக் குறைவில்லை. ஒயில் மாற்றவும் ஆள் உண்டு, இயந்திரம் பிரிக்கவும் ஆள் உண்டு. எதற்குக் காசு கொடுப்பது வீண், எதற்குக் கொடுக்காமல் மிச்சம் பிடிப்பது அதைவிட வீண் என்று பிரித்துப் பார்க்கத்தான் ஆள் குறைவு.

கண்ணால் பார்த்து, கையால் தொட்டு, பிழைத்தால் திருப்பிச் செய்யக்கூடிய வேலை முற்றத்துக்கு உரியது. அளவுக் கருவியும் பெஞ்சும் பிரஸ்ஸும் கேட்கும் வேலை கராஜுக்கு உரியது. வேலை பாரமா லேசா என்பதைப் பிறகு பார்க்கலாம். கியர்பொக்ஸ் இறக்குவது முதுகை முறிக்கும், ஆனால் பிழை விட்டால் அன்றைக்கே தெரியும். சிலிண்டருக்குள் டீசலைச் சிதறும் நொசில் கைக்குள் அடங்கும் சாமான், அதைத் தெரியாமல் திறந்து பூட்டினால் பிஸ்டன் உருகும்வரை ஒன்றும் தெரியாது.

டீசல் பில்ரரில் தொடங்கலாம், கராஜில் அதிகம் அவசரப்படுத்தப்படுகிற வேலை அதுதான். 2022 இல் டீசல் வரிசைக் காலத்தில் பரலில் சேமித்துப் பழகியவர்கள் இன்னும் பரலை விடவில்லை. பரல் டீசலில் துருவும் தண்ணீரும் கட்டாயம் இருக்கும். பரலின் அடியில் நாலு விரல் அளவுக்கு எடுக்காமல் விடுங்கள். லொறியில் தண்ணீர் பிரிக்கும் கிண்ணத்தின் அடித் திருகைக் காலையில், இயந்திரத்தை ஸ்ரார்ட் பண்ணுவதற்கு முன் திறந்தால், இரவு முழுக்க அடியில் தங்கிய தண்ணீர் முதலில் வரும். ஒரு வெள்ளைப் போத்தலில் பிடித்துப் பார்த்தால் கோடு பிரிந்து தெரியும்.

பில்ரர் மாற்றும்போது பழையதன் ரப்பர் வளையம் தலையில் ஒட்டிக்கொண்டு நிற்கிறதா என்று விரல் விட்டுத் தடவிப் பாருங்கள். இரண்டு வளையம் ஒன்றின் மேல் ஒன்று உட்கார்ந்தால் காற்று இழுக்கும். புது வளையத்துக்கு டீசல் பூசி, வளையம் தொட்டதும் கையால் முக்கால் சுற்று இறுக்கினால் போதும். பிறகு காற்று எடுக்க வேண்டும். பில்ரர் தலையில் உள்ள திருகைத் தளர்த்தி, கைப்பம்பை அமுக்குங்கள். முதலில் நுரை வரும், பிறகு கரகரவென்று குமிழி, பிறகு கம்பிபோல் தெளிந்த டீசல். கைப்பம்பை அமுக்கியபடியே திருகை மூட வேண்டும், கையை எடுத்துவிட்டு மூடினால் ஒரு குமிழி திரும்ப உள்ளே போய்விடும். அடுத்து டீசல் பம்பில் உள்ள திருகிலும் இதையே செய்யுங்கள். அதற்குப் பிறகும் பிடிக்காவிட்டால் நொசில் பைப் நட்டுகளை அரைச் சுற்றுத் தளர்த்தி ஸ்ராட்டரை அடித்தால் மிச்சக் காற்று கக்கும். ஸ்ராட்டரைப் பதினைந்து செக்கனுக்கு மேல் தொடர்ந்து பிடிக்க வேண்டாம், காற்று எடுக்கப் போய் ஸ்ராட்டரை எரித்தவர்கள் உண்டு.

இந்தக் கடைசி வேலை பழைய பம்ப் வண்டிக்கு மட்டும். 2000களின் நடுப்பகுதிக்குப் பின் வந்த எல்ஃப், கன்டர் பெரும்பாலும் காமன் றெயில், அதாவது எல்லா நொசிலுக்கும் ஒரே குழாயிலிருந்து டீசல் போகும் வகை. அதன் பைப்பில் 1,600 பார் அளவு அழுத்தம் நிற்கும். இயந்திரம் ஓடும்போது அந்த நட்டைத் தொட்டால் டீசல் ஊசிபோல் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், உள்ளே சதை அழுகும். அப்படி நடந்தால் வலி இல்லாவிட்டாலும் நேரே ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். காமன் றெயில் வண்டிக்கு முற்றத்தில் பில்ரர் மாற்றுவதோடு நிறுத்துங்கள், புது பில்ரருக்குள் போத்தல் டீசலை ஊற்றாமல் கைப்பம்பாலேயே நிரப்புங்கள்.

ஒயில் மாற்றுவதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 15W-40, டீசலுக்கு உரிய CH-4 அல்லது CI-4 தரம், சம்ப் நட்டுக்குப் புது செப்பு வாசர். சூட்டோடு வடியவிட்டு, கடைசிச் சொட்டு நிற்கும்வரை பொறுத்தால் சரி. ஸ்ரிக்கில் ஒயில் மட்டம் மாதா மாதம் கூடிக்கொண்டு போனால் சந்தோசப்படாதீர்கள், எங்கேயோ டீசல் கலக்கிறது.

எயார் பில்ரர்தான் இந்த மண்ணில் இயந்திரத்தின் ஆயுளைத் தீர்மானிப்பது. சோளகக் காற்று அடிக்கும் மாதங்களில் ஒட்டுசுட்டான், புதுக்குடியிருப்புப் பக்கத்துக் கிரவல் றோட்டுகளில் முன் வண்டிக்குப் பின்னால் போகும் டிப்பர் புழுதியைத்தான் குடிக்கிறது. பில்ரரை ரயரில் தட்டித் துப்புரவாக்கும் பழக்கத்தை விடுங்கள், தட்டினால் தாள் மடிப்பு பசை விட்டுக் கழலும். காற்றை அழுத்தம் குறைத்து உள்ளிருந்து வெளியே அடிக்க வேண்டும். பிறகு உள்ளே ஒரு பல்பை விட்டு இருட்டில் சுற்றிப் பாருங்கள், ஒரு புள்ளி வெளிச்சம் தெரிந்தாலும் அது குப்பைக்கு. பில்ரரிலிருந்து இயந்திரத்துக்குப் போகும் ரப்பர் குழாயின் கிளிப்பையும் பாருங்கள். அது தளர்ந்திருந்தால் எவ்வளவு விலையான பில்ரர் போட்டும் பயனில்லை.

கிறீஸ் அடிப்பதைச் சேவிஸ் ஸ்டேசனில் செய்தால் கழுவுவதோடு சேர்த்து முடிந்துவிடும், ஆனால் முன் சில்லு திரும்பும் அச்சாணியான கிங் பின்னுக்கு அங்கே அடிக்கிற விதம் சரியில்லை. வண்டி நிலத்தில் நிற்கும்போது முழுப் பாரமும் பின்னின் ஒரு பக்கத்தை அழுத்திக்கொண்டிருக்கும், கிறீஸ் மற்றப் பக்கத்தால் வழிந்துவிடும். முன் அச்சை ஜக்கில் தூக்கி, சில்லைக் கையால் இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பி அடிக்க வேண்டும். பழைய கறுப்புக் கிறீஸ் வந்து முடிந்து புது நிறம் எட்டிப் பார்க்கும்வரை அடியுங்கள்.

ஜக் என்றதும் ஒன்று. கீழே படுப்பதற்கு முன் அச்சுக்கு அடியில் முதிரை மரக் குற்றி வையுங்கள். புளொக் கல் வேண்டாம், அது முன்னறிவித்தல் இல்லாமல் நொறுங்கும். மாரியில் நிலம் இளகி இருந்தால் ஜக்குக்கு அடியில் அகலமான பலகை வேண்டும்.

சில்லு நட்டில்தான் அதிகம் பிழை நடக்கிறது. பழைய யப்பான் லொறிகளில் இடப்பக்கச் சில்லுகளின் மரை எதிர்ப்பக்கம் சுற்றும், ஸ்டட்டின் முகத்தில் L என்று அடித்திருப்பார்கள். இது தெரியாமல் குழாய் போட்டுத் தொங்கினால் ஸ்டட் முறியும். பின் இரட்டைச் சில்லில் உள் நட்டு வேறு, வெளி நட்டு வேறு. உள் நட்டை இறுக்குவதென்றால் வெளி நட்டைத் தளர்த்திவிட்டுத்தான் இறுக்க வேண்டும், ஒன்றுவிட்டு ஒன்றாக. மேலாக வெளி நட்டை மட்டும் இறுக்கினால் உள் சில்லு தளர்ந்தபடியே ஓடும். ஆறு ஸ்டட் எல்ஃபுக்கு ஏறக்குறைய 440 நியூட்டன் மீற்றர் கேட்கும். அளவு ஸ்பானர் இல்லாவிட்டால், ஒரு மீற்றர் நீளக் கம்பியின் நுனியில் 45 கிலோ பாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ரயர் கடைத் துப்பாக்கி இதற்குக் குறைவாகவும் இறுக்கும், இரண்டு மடங்காகவும் இறுக்கும்.

இடைநடுவில் நிற்பவை பிரேக்கும் ரப்பெட்டும். ரப்பெட், அதாவது வால்வு இடைவெளி, சரிபார்க்க இடைவெளி அளக்கும் தகடான ஒரு பீலர் கேஜ் போதும். 4JB1, 4D33 இரண்டுக்கும் குளிர்ந்த நிலையில் 0.4 மில்லிமீற்றர், வெடிக்கும் ஒழுங்கு 1-3-4-2. முதல் சிலிண்டர் அமுக்கத்தின் உச்சியில் நிற்கும்போது முதலாவதின் இரண்டு வால்வு, இரண்டாவதின் உள்வால்வு, மூன்றாவதின் வெளிவால்வு. கிராங்கை ஒரு முழுச் சுற்றுச் சுற்றி மிச்சம் நாலையும் செய்யலாம். ஆறுதலான ஒரு பின்னேரம் போதும்.

பிரேக் லைனிங் மாற்றுவதைச் சொந்தமாகச் செய்யலாம், ஆனால் ரிவட் அடிப்பதை லைனிங் கடைக்கு விடுங்கள். சில்லுச் சிலிண்டர் ரப்பரைப் பெற்றோலிலோ டீசலிலோ கழுவினால் அது ஊதிப்போய் பிரேக் ஒட்டிக்கொள்ளும், பிரேக் ஒயிலாலேயே கழுவ வேண்டும். காற்று எடுப்பது மாஸ்ரர் சிலிண்டருக்குத் தூரமான சில்லிலிருந்து. எயார் பிரேக் டிப்பரில் பின்னேரம் தோறும் காற்று ராங்கியின் தண்ணீரைத் திறந்து விடுங்கள், தண்ணீரோடு ஒயிலும் வந்தால் கொம்பிரசர் றிங் போய்விட்டது என்று அர்த்தம். பிரேக் வால்வுகளை மட்டும் முற்றத்தில் பிரிக்க வேண்டாம். நெல் மூடையோடு இறக்கத்தில் வரும்போது அந்தச் சிக்கனம் பயன்படாது.

இனிக் கராஜ்கள்.

மரநிழல் கராஜ்காரர்களின் கை ஞானத்துக்குக் குறை சொல்ல முடியாது. ஸ்பிரிங் இலை, யூ போல்ட், கிளட்ச் பிளேட், கியர்பொக்ஸ் இறக்கி ஏற்றுவது எல்லாவற்றுக்கும் அவர்களே போதும், கூலியும் நியாயம். பலவீனம் இரண்டு. ஒன்று புழுதி. காற்றடிக்கும் மத்தியானத்தில் ஹெட் கழற்றிய இயந்திரம் திறந்த வெளியில் கிடக்கும். டீசல் பைப் கழற்றியதும் எல்லா வாயையும் பொலித்தீனால் கட்டச் சொல்லுங்கள், கட்டாத இடத்தில் அந்த வேலையைக் கொடுக்க வேண்டாம். மற்றது, எல்லா நட்டையும் கை கணக்கில் இறுக்குவது. ஸ்பிரிங்குக்கு அது சரி. ஹெட் போல்ட்டுக்கு நடுவிலிருந்து வெளியே, படிப்படியாக, அளவு ஸ்பானரில் இறுக்க வேண்டும். ஸ்பானர் எங்கே என்று கேட்டால் காட்ட வேண்டும். “அண்ணை, கை பழகின கை” என்ற பதிலுக்குச் சிரித்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு வாருங்கள்.

டவுன் கராஜில் கூரையும் கொங்கிறீற் நிலமும் இருக்கும், பொடியன்களும் அதிகம். பெரிய மெக்கானிக்கைப் பேசிக் கொடுத்த வேலையைப் பழகவந்த பொடியன் செய்வது அங்கேதான் நடக்கும். காலபோக அறுவடைக் காலத்தில் கொடுத்தால் லொறி வரிசையில் கிடக்கும், அந்த ஒரு கிழமை ஓட்டக் காசு கராஜ் பில்லைவிடப் பெரிதாகிவிடும். கிளட்ச், றேடியேற்றர் போன்றவற்றைக் கார்த்திகை, மார்கழி மழையில் ஓட்டம் குறைந்திருக்கும்போதே முடித்துவிடுவது நல்லது. முகவர் சேவை நிலையம் விலை கூடியது. காமன் றெயில் வண்டியில் இயந்திர லாம்பு எரிந்தால், ஸ்கானர் பூட்டிக் கோட் வாசிப்பதற்கு அந்தக் காசு தகும். ஒயில் மாற்ற அங்கே போகத் தேவையில்லை.

எந்தக் குறைச்சலும் பேசாமல் காசு கொடுக்க வேண்டிய இடம் பம்ப் அடிக்கிற இடம், டீசல் பம்பையும் நொசிலையும் பெஞ்சில் பூட்டிச் சோதிக்கும் கடை. கிளிநொச்சியிலிருந்து வவுனியா ஏறக்குறைய 75 கிலோமீற்றர், அவ்வளவு தூரம் போக வேண்டி வந்தாலும் போகலாம். லொறியைக் கொண்டுபோகத் தேவையில்லை, நொசில்களை மட்டும் கழற்றி, எது எந்தச் சிலிண்டருக்கு உரியது என்று துண்டு கட்டிக் கொண்டுபோனால் சரி. நாலும் ஒரே அழுத்தத்தில் திறக்கிறதா, புகைபோல் சிதறுகிறதா, அடித்து முடிந்ததும் நுனியில் சொட்டு இல்லாமல் நிற்கிறதா என்று பெஞ்சில் உங்கள் கண்முன்னே காட்டச் சொல்லுங்கள். திரும்பப் பூட்டும்போது செப்பு வாசர் புதிதாக இருக்க வேண்டும், பழையது ஓட்டையின் அடியில் ஒட்டிக் கிடக்கிறதா என்று ரோச் அடித்துப் பாருங்கள். பம்பை இறக்குவதென்றால் அடையாளக் கோடு கீறிவிட்டு இறக்க வேண்டும், கோடு இல்லாமல் இறக்கினால் பிறகு ரைமிங் பிடிப்பது சீட்டுக் குலுக்கல்தான்.

லேத் கடையில் பிரேக் டிரம் கடையக் கொடுத்தால், ஓர் அச்சின் இரண்டு டிரம்மையும் ஒரே அளவுக்குக் கடைய வேண்டும். உச்ச அளவு டிரம்மிலேயே வார்த்திருக்கும், அதைத் தாண்டினால் புதுசுதான். றேடியேற்றர் கடையில் பழைய செப்பு றேடியேற்றரைத் திறந்து கம்பி விட்டுக் குத்தலாம், அலுமினியத்தில் முடியாது. அங்கே போகும் தேவையைக் குறைப்பது உங்கள் கையில் இருக்கிறது. கிணற்றுத் தண்ணீர் ஊற்ற ஊற்றச் சுண்ணாம்பு படியும். கூலன்ற் கலக்க மழைத் தண்ணீர் பிடித்து வையுங்கள்.

சேஸில் வெல்டிங் என்றால், வேலை தொடங்க முன் பற்றரியின் இரண்டு வயரையும் கழற்றச் சொல்லுங்கள். எர்த் கவ்வியை ஒட்டும் இடத்துக்குப் பக்கத்திலேயே போட வேண்டும். கரண்ட் பெயாரிங் வழியாகப் போனால் அடுத்த மாதம் ஹப் சத்தம் போடும், யாருக்கும் காரணம் விளங்காது.

சாமானை நீங்களே வாங்கிக் கொடுப்பது நல்லது, பழையதைக் கையோடு கொண்டுபோய் ஒப்பிட்டு. கொழும்பு பஞ்சிகாவத்தைச் சாமான் கடைகளிலிருந்து பஸ்ஸில் எடுப்பித்தால் இயந்திர இலக்கத்தையும் சேஸ் இலக்கத்தையும் படம் எடுத்து அனுப்புங்கள். “கன்டர் கிளட்ச்” என்று மட்டும் சொன்னால் பல் எண்ணிக்கை மாறி வரும். கழற்றிய பழைய சாமானை கராஜிலிருந்து திருப்பிக் கேட்டு வாங்குங்கள், அது உங்கள் சொத்து, மாற்றியதற்குச் சாட்சியும் அதுதான்.

யார் செய்த வேலையானாலும் முதல் ஓட்டம் பாரம் இல்லாமல் இருக்கட்டும். 50 கிலோமீற்றரில் ஓரமாக நிறுத்தி, சில்லு நட்டையும் யூ போல்ட்டையும் திரும்ப இறுக்குங்கள். நிறுத்திய கையோடு ஒவ்வொரு ஹப்பாகப் புறங்கையைக் கிட்டக் கொண்டுபோய்ப் பாருங்கள். நாலும் ஒரே சூடென்றால் ஓடலாம். ஒன்று மட்டும் கை வைக்க முடியாமல் கொதித்தால் அந்தச் சில்லில் பிரேக் ஒட்டுகிறது, அல்லது பெயாரிங் இறுகிவிட்டது. பாரம் ஏற்றாமல் அங்கேயே கழற்றுங்கள்.