காலி செய்து விற்பதா, குடியிருந்தபடியே விற்பதா?

சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் மறுவிற்பனையில் இறங்குவோர் பலரும் இந்தக் கேள்வியில்தான் தடுமாறுகிறார்கள்.

செலவு: காலி செய்தால் வாடகையோ சேமிப்புக் கிடங்குக் கட்டணமோ கூடுதலாகச் சேரும், குடியிருந்தால் அது மிச்சம்.

தோற்றம்: வெற்று வீடு விசாலமாகத் தெரியும், அலமாரி மறைத்திருந்த ஈரக்கறையும் கூடவே தெரியும்.

மனம்: செலவைவிட இதுவே பெரிது என்பேன். வீடு பார்க்க ஆட்கள் வந்துபோகும் அவசரத்தில் சாமி மேடையைப் பிரிப்பதைவிட, நல்ல நாள் பார்த்துப் படங்களை இறக்கி, விளக்குப் புகை படிந்த சுவருக்கு நிதானமாகச் சாயம் பூசுவது பெரியவர்களுக்கு ஆறுதல் தரும்.

அடுத்த வீடு கைக்கு வந்தவர்கள் காலி செய்வதே நல்லது. மற்றவர்கள் குடியிருந்தபடியே விற்கலாம். கட்டி முடிந்த வேறொரு வீட்டை வாங்க ஒப்பந்தம் செய்திருந்து, வாங்குபவரும் இசைந்தால், விற்பனை முடிந்தபின் 3 மாதம் வரை தங்குவதற்கு வீவகவிடம் அனுமதி கோரலாம்.