63/37 சால்டரா, ஈயமில்லாத சால்டரா?

மின்னணுப் பாகங்களை போர்டில் இணைக்க உருக்கி வைக்கும் உலோகக் கலவைதான் சால்டர். கையால் சால்டர் வைப்பவர்களைக் கேட்டால் பலர் 63/37 பக்கம்தான் சாய்வார்கள். 63 விழுக்காடு வெள்ளீயம், 37 விழுக்காடு ஈயம் கலந்த இந்தக் கம்பி 183 டிகிரி செல்சியஸில் உருகும், அதே 183-இல் உறையும். நடுவில் கூழாக நிற்கும் கட்டமே கிடையாது. ஆறும் நேரத்தில் பாகத்தின் கால் அசைந்து இணைப்பு கெடும் வாய்ப்பு அதனால் குறைவு. 60/40 கம்பி 190 டிகிரி வரை அரைகுறையாகவே இருக்கும்.

ஈயமில்லாததில் அதிகம் புழங்குவது எஸ்ஏசி 305. இதில் 3 விழுக்காடு வெள்ளி, அரை விழுக்காடு செம்பு, மீதி வெள்ளீயம். உருகுவது 217 முதல் 220 டிகிரிக்குள். முப்பத்துச் சொச்சம் டிகிரிதானே என்று தோன்றும். பெரிய கிரவுண்ட் செம்புப் பரப்போடு சேர்ந்த பேடில் (போர்டில் பாகத்தின் கால் இணையும் செம்புத் திட்டு) வைத்துப் பாருங்கள், வித்தியாசம் தெரியும். செம்பு சூட்டை இழுத்துக்கொண்டே இருக்கும், சால்டரோ பரவாமல் உருண்டையாக நிற்கும். உடனே சால்டரிங் அயர்னின் சூட்டை ஏற்றுவார்கள். பிளக்ஸ் (சால்டர் நன்றாகப் பரவ உதவும் பொருள்) கருகும், பேடே பெயர்ந்து வந்துவிடும். அகலமான டிப் மாட்டி, போர்டை அடியிலிருந்து கொஞ்சம் சூடாக்கினாலே போதும்.

இன்னொரு குறை சொல்வார்கள்: ஈயமில்லாத இணைப்பு மங்கலாக இருக்கிறதாம். இருக்கத்தான் செய்யும், அதன் இயல்பு அது. பளபளப்பை விடுங்கள், விளிம்பைப் பாருங்கள். சால்டர் பேடின் மேல் மெலிந்து படர்ந்து, காலின் மேல் குழிந்த சரிவாக ஏறியிருந்தால் நல்ல இணைப்புதான்.

விற்பனைக்கான பொருள் என்றால் பேச்சே வேறு. மின்னணுக் கருவிகளில் ஆபத்தான பொருள்களைக் கட்டுப்படுத்தும் ஐரோப்பிய ஒன்றியத்தின் ரோஹெச்எஸ் விதி 2006 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. விலக்குப் பெற்றவை தவிர மற்றவற்றில், ஒவ்வொரு ஒருபடித்தான பொருளிலும் (சால்டர் போல, மேலும் தனித்தனியாகப் பிரிக்க முடியாத சீரான பொருள்) ஈயம் எடையில் 0.1 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. அங்கே அனுப்புவதாக இருந்தால் யோசிக்கவே வேண்டாம், எஸ்ஏசிதான். ஈயமில்லை என்பதற்காகப் புகையை முகர்ந்துகொண்டு உட்காராதீர்கள். இரண்டிலும் புகை வருவது பிளக்ஸிலிருந்து. அயர்னின் சூட்டில் ஈயம் ஆவியாவதில்லை, அது உடம்புக்குள் போவது பெரும்பாலும் கழுவாத கை வழியாக.

விண்வெளி, ராணுவக் கருவிகளில் ஈயம் இன்னும் இருப்பதற்குக் காரணம் பழக்கம் மட்டுமல்ல. தூய வெள்ளீயப் பூச்சில் மயிரிழை போன்ற உலோக இழைகள் தானாக வளர்ந்து பக்கத்துக் காலைத் தொட்டு ஷார்ட் ஆக்கும். சிறிதளவு ஈயம் சேர்ந்தால் அந்த வளர்ச்சி வெகுவாக அடங்கிவிடும்.

சூடு தாங்காத பாகங்களுக்கு மூன்றாவதாக ஒன்று உண்டு: வெள்ளீயம்-பிஸ்மத். 138 டிகிரியிலேயே உருகிவிடும். ஆனால் நொறுங்கும் குணம், கீழே விழக்கூடிய கருவிக்கு ஆகாது. பழைய ஈய இணைப்பின் மேல் இதை வைக்கவே கூடாது. மூன்று உலோகமும் கலந்தால் 96 டிகிரியிலேயே உருகும் ஒரு கலவை உண்டாகலாம். அப்புறம் கருவி ஓடும் சூட்டிலேயே இணைப்பு இளகும். பழைய போர்டு பழுதுக்கு வந்தால், அதில் என்ன சால்டர் இருக்கிறது என்று தெரியாதவரை 63/37 போதும்.