ஏற்காட்டில் வேனோடு தனியாக இரவு தங்கச் செல்பவர்கள் கவனத்துக்கு

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வசிக்கும் நான், பழைய ஆம்னி வேனின் பின்னிருக்கைகளைக் கழற்றிவிட்டுப் பலகையும் மெத்தையும் போட்டு, மாதம் ஒரு முறையாவது தனியாக எங்கேனும் சென்று வண்டியிலேயே படுத்துவிட்டு வருவதை வழக்கமாக வைத்திருக்கிறேன். சென்ற மாதம் சேர்வராயன் மலையில் நான் இழந்தது 900 ரூபாய்தான். ஆயினும், அந்த இரவில் எனக்கு உடம்புக்கு ஏதேனும் வந்திருந்தால் வண்டியை வெளியே எடுக்கவே வழி இருந்திருக்காது என்பதால் இதை விரிவாக எழுதுகிறேன்.

காபித் தோட்டத்துக்குள் அமைதியான தனி இடம், கழிப்பறையும் மின்சாரமும் உண்டு என்று விளம்பரத்தில் கண்டு அழைத்தபோது, பேசிய இளைஞர், "நம்ம சொந்தத் தோட்டம்தாண்ணா, ஒரு ஈ காக்கா வராது" என்றார். முழுத் தொகையையும் முன்பணமாகக் கேட்டார். யுபிஐயில் பணம் செலுத்தும்போது திரையில் ஒரு பெண்ணின் பெயர் வந்தது. கேட்டதற்கு அம்மாவின் கணக்கு என்றார். அந்த இடத்திலேயே நான் நிறுத்தியிருக்க வேண்டும்.

அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி, ஏரியைத் தாண்டி, அவர் அனுப்பிய வரைபடக் குறியீட்டைப் பின்தொடர்ந்து மண்பாதையில் இறங்கியபோது மாலை ஐந்தரை ஆகியிருந்தது. சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி படர்ந்திருக்க, கீழே காபிச் செடிகள். இடத்தின் அழகில் குறை சொல்ல முடியாது. கழிப்பறை என்பது கதவில்லாத ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகை; குழாயில் தண்ணீர் இல்லை. மின்சாரம் என்பது மோட்டார் அறையிலிருந்து இழுத்த ஒயர். அதன் முனையில் பிளக் கிடையாது, உரித்த இரண்டு கம்பிகளைச் சாக்கெட்டில் விட்டுத் தீக்குச்சி செருகி இறுக்கியிருந்தார்கள். பனியில் நனைந்த புல்லின் மேல் அந்த ஒயர் கிடந்ததைப் பார்த்ததும் எனக்கு விளக்கே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அங்கே நின்றிருந்த அந்த இளைஞர் அதற்குச் சிரித்தார். பிறகு வண்டியைச் சுற்றி வந்து செல்பேசியில் நான்கைந்து படங்கள் எடுத்துக்கொண்டார். ஏழு மணிக்கு, காட்டுமாடு வரும், பாதுகாப்புக்காக என்று சொல்லிக் கேட்டில் சங்கிலி போட்டுப் பூட்டி, சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். சாவியைக் கொடுத்துவிட்டுப் போகச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை.

இரவு பதினொன்றரை மணிக்குக் கண்ணாடியில் டார்ச் வெளிச்சம் விழுந்தது. கம்பளியைப் போர்த்திக்கொண்டு, கையில் தடியுடன் ஒரு பெரியவர் நின்றிருந்தார். அவர்தான் அந்தத் தோட்டத்தின் காவலாளி. உரிமையாளர் வெளியூரில் இருக்கிறார் என்றும், இப்படி வண்டி விடுவது அவருக்குத் தெரியவே தெரியாது என்றும் சொன்னார். "இந்த மாசத்துல நீங்க மூணாவது வண்டி சார். முன்ன வந்தவங்களும் பணம் கட்டினதாத்தான் சொன்னாங்க" என்றார். ஆக, சட்டப்படி பார்த்தால் அத்துமீறி நுழைந்தவன் நான்தான். உடனே கிளம்பிவிடலாம் என்று பார்த்தால், கேட்டில் தொங்கியது புதுப் பூட்டு. அதற்கு அவரிடமும் சாவி இல்லை. இளைஞரின் எண் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. "பூட்டைக் காலையில பார்த்துக்கலாம். இந்த மூடுபனியில மலை இறங்காதீங்க, ரோட்டுலயே மாடு நிக்கும்" என்று சொல்லித் தன் குடிசையில் கடுங்காப்பி போட்டுக் கொடுத்தார். விடிந்ததும் அவரே கடப்பாரையால் சங்கிலியை நெம்பிக் கொடுத்தார். உரிமையாளரும் இதில் ஏமாற்றப்பட்டவர் என்பதால் தோட்டத்தின் பெயரை இங்கே எழுதவில்லை.

பிறகு நடந்தது சுருக்கம். இளைஞர் என் எண்ணைத் தடை செய்துவிட்டார். 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்தேன். காவல் நிலையத்தில் மனு கொடுத்து, அதைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதும் வாங்கினேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குகளுக்குக் கட்டணம் இல்லை என்றாலும், மனுவில் எதிர்த்தரப்பின் பெயரும் முகவரியும் எழுதியாக வேண்டும். என்னிடம் இருந்தவை ஒரு செல்பேசி எண்ணும் யாரோ ஒரு பெண்ணின் பெயரில் உள்ள கணக்கும் மட்டுமே. பணம் கட்டுவதற்கு முன்பே இடத்தின் சர்வே எண்ணைக் கேட்டிருந்தால், அரசின் இணையதளத்தில் பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று பார்த்திருக்கலாம். ஒரு ராத்திரி படுத்து எழுவதற்குப் பட்டா கேட்பதா என்று நண்பர்கள் சிரிக்கிறார்கள். நான் இனிமேல் கேட்கப்போகிறேன். கேட்டின் சாவி என் கையில் இல்லாத இடத்தில் தங்குவதாகவும் இல்லை.

அந்த விளம்பரம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. வாடகை 1,200 ரூபாயாக ஏறியிருக்கிறது. பழைய படங்களை எடுத்துவிட்டுப் புதியவற்றைப் போட்டிருக்கிறார்கள். அவற்றில் சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே பச்சைத் திரைச்சீலை போட்டு நிற்கும் வெள்ளை ஆம்னி என்னுடையது. அந்தப் படத்தைப் பார்த்தால் பணம் அனுப்பிவிடாதீர்கள்.