காஸ்ப் சிமுலேட்டர்: கடல்மேல் தாழ்மேகங்களைச் சரிபார்த்த அனுபவம்

காலநிலை மாதிரிகள் (வளிமண்டலத்தைக் கணினியில் கணக்கிடும் நிரல்கள்) காட்டும் மேகங்களைச் செயற்கைக்கோள் தரவோடு ஒப்பிடுவது என் வேலை. அதற்குப் பல ஆண்டுகளாக நான் பயன்படுத்திவரும் மென்பொருள் காஸ்ப் (COSP). பல செயற்கைக்கோள் கருவிகளின் பார்வையைப் போலச்செய்யும் சிமுலேட்டர்களின் தொகுப்பு அது. ஃபோர்ட்ரானில் எழுதப்பட்டது, யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். 2011இல் விரிவாக அறிமுகமானது. 2018இல் அதன் உட்கட்டமைப்பையே மாற்றி இரண்டாம் பதிப்பு வந்தது. இப்போது புதிதாகத் தொடங்குபவர்கள் இரண்டாம் பதிப்பையே எடுங்கள்.

இது எதற்கு என்று பலர் கேட்கிறார்கள். மாதிரியே மேகப்பரப்பு என்று ஓர் எண் தருகிறது, செயற்கைக்கோளும் தருகிறது, இரண்டையும் கழித்துப் பார்த்தால் போதாதா? போதாது. மாதிரியின் எண், நூறு கிலோமீட்டர் அகலக் கட்டம் ஒன்றில் ஒவ்வோர் அடுக்கிலும் எவ்வளவு மேகம் என்பதைச் சொல்கிறது. கலிப்சோ செயற்கைக்கோளின் லேசரோ மேலிருந்து கீழே பார்க்கும். வழியில் கனத்த மேகம் இருந்தால், அதற்குக் கீழே இருப்பது அதற்குத் தெரியாது. திரும்பி வரும் ஒளி ஒரு வரம்பைத் தாண்டினால்தான் அதை மேகம் என்று கணக்கில் சேர்ப்பார்கள். காஸ்ப் செய்வது இதுதான்: மாதிரியின் கட்டத்தைப் பல மெல்லிய செங்குத்துத் தூண்களாகப் பிரித்து, இந்த வளிமண்டலத்தின்மேல் கலிப்சோ பறந்திருந்தால் என்ன பதிவாகியிருக்கும் என்று கணக்கிட்டுத் தருகிறது. ஒப்பிட வேண்டிய தரவும் தயாராக இருக்கிறது. பிரெஞ்சுக் குழு ஒன்று கலிப்சோ பதிவுகளை அதே வரையறையில் தொகுத்த காக்ப் (GOCCP) தரவுத்தொகுப்பு அது.

தாழ்மேகங்களுக்கு ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும்? மேகங்கள் எல்லாம் சேர்ந்து பூமியைச் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 20 வாட் அளவுக்குக் குளிர்விக்கின்றன. கரியமில வாயு இருமடங்கானால் கூடும் வெப்பம் சுமார் 4 வாட்தான். அந்தக் குளிர்ச்சியில் பெரும்பங்கு கடல்மேல் கிடக்கும் தாழ்மேகங்களுடையது. சூரிய ஒளியை நன்றாகத் திருப்பி அனுப்பும், ஆனால் உச்சி அதிக உயரத்தில் இல்லாததால் பூமியின் வெப்பத்தை அவ்வளவாகத் தடுக்காது. இவை கொஞ்சம் குறைந்தாலே வெப்பமயமாதல் கூடும். எவ்வளவு குறையும் என்பதில் மாதிரிகளுக்குள் இருக்கும் வேறுபாடுதான் எதிர்கால வெப்பநிலைக் கணிப்புகள் விலகிப்போவதற்கு முக்கியக் காரணம்.

நான் அதிகம் பார்த்தது பெரு, சிலி கரைக்கு அப்பால் உள்ள படைத்திரள் மேகங்களை, அதாவது தகடுபோலப் பரவிக் கிடக்கும் தாழ்மேகங்களை. குளிர்ந்த கடல்நீர், அதற்கு மேலே இறங்கும் வெதுவெதுப்பான உலர்ந்த காற்று, இரண்டுக்கும் நடுவே சில நூறு மீட்டர் தடிமனில் மேகத்தகடு. மாதிரியின் செங்குத்து அடுக்குகள் தடிமனாக இருந்தால் இது பிடிபடாமலே போகும். சூரிய ஒளி எதிரொளிப்பை மட்டும் சரிபார்த்தால் மாதிரி ஓரளவு நன்றாக இருப்பதுபோலத் தோன்றும். லேசர் சிமுலேட்டரை ஓட்டிப் பார்த்தால் மேகப்பரப்பு குறைவு. அப்படியானால் எதிரொளிப்பு எப்படிப் பொருந்துகிறது? இருக்கிற மேகம் அளவுக்கு மீறிக் கனமாக, வெளிச்சமாக இருக்கிறது. ஒரு பிழை இன்னொரு பிழையை ஈடுகட்டுகிறது. வெப்பமண்டலத் தாழ்மேகங்களில் பல மாதிரிகளுக்கு இதே குறை இருப்பதை 2012இல் வந்த ஆய்வு காட்டியது. அடுத்த தலைமுறை மாதிரிகளிலும் அது முழுதாகத் தீரவில்லை. பரப்பையும் ஒளித்தடிமனையும் (மேகம் ஒளியை எவ்வளவு தடுக்கிறது என்பதையும்) தனித்தனியாகப் பார்க்க முடிவதால்தான் இது வெளியே வருகிறது. இந்த ஒன்றுக்காகவே காஸ்பைக் கற்றுக்கொள்ளலாம்.

ஆனால் எந்தக் கருவியின் சிமுலேட்டரை எதற்குப் பயன்படுத்துவது என்பதில் கவனம் தேவை. கிளவுட்சாட் செயற்கைக்கோளின் ரேடாரைத் தாழ்மேகப் பரப்புக்கு எடுக்காதீர்கள். தரைக்கு மேல் முதல் ஒரு கிலோமீட்டரில் கடல்பரப்பின் எதிரொலி எல்லாவற்றையும் மூடிவிடும், தூறல் இல்லாத சின்னத் துளிகளும் அதற்குச் சரியாகத் தெரியாது. பல வானிலைச் செயற்கைக்கோள்களின் பதிவுகளைத் தொகுத்த ஐஎஸ்சிசிபி (ISCCP) தரவு 1983 முதல் கிடைக்கிறது, நீண்ட தொடர் வேண்டுமானால் அதுதான். ஆனால் அது மேக உச்சியின் வெப்பநிலையை வைத்து உயரம் சொல்வது. வெப்பத் தலைகீழ்மாற்றம் (உயரே போகப்போகக் காற்று குளிராமல் வெதுவெதுப்பாவது) இருக்கும் இடத்தில் இதனால் தாழ்மேகத்தை நடுமட்ட மேகமாகக் காட்டிவிடும். சிமுலேட்டர் இதையும் போலச்செய்ய முயல்கிறது. ஆனால் மாதிரியின் தலைகீழ்மாற்றமே பலவீனமாக இருந்தால் அந்த முயற்சி பொருந்தாது. உயரத்துக்கு மிஸ்ர் (MISR) என்ற செயற்கைக்கோள் படக்கருவி நல்லது. பல கோணங்களில் எடுத்த படங்களிலிருந்து கணக்கிடுவதால் வெப்பநிலைச் சிக்கலே இல்லை. மோடிஸ் (MODIS) என்ற இன்னொரு படக்கருவி ஒளித்தடிமனுக்கு உதவும். ஆனால் விளிம்பில் பாதி மேகம் உள்ள படப்புள்ளிகளை அதன் தடிமன் கணக்கில் ஒதுக்கிவிடுவார்கள். சிமுலேட்டருக்கு அப்படி ஒதுக்கத் தெரியாது. அதனால் சிதறிக் கிடக்கும் திரள் மேகங்கள் உள்ள பகுதியில் மோடிஸ் ஒப்பீட்டை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

அப்புறம் நேரம். படைத்திரள் மேகம் விடியலுக்கு முன் உச்சத்தில் இருக்கும், பிற்பகலில் மெலியும். பிற்பகல் ஒன்றரை மணிக்குக் கடக்கும் செயற்கைக்கோளின் தரவை மாதிரியின் இருபத்துநான்கு மணி நேரச் சராசரியோடு வைத்தால், இல்லாத பிழை ஒன்று தெரியும். ஐஎஸ்சிசிபி, மோடிஸ் சிமுலேட்டர்கள் பகல் புள்ளிகளில் மட்டுமே இயங்கும் என்பதையும் சராசரி எடுக்கும்போது நினைவில் வையுங்கள்.

குறைகளும் உண்டு. ரேடார் சிமுலேட்டர் கணினி நேரத்தை நிறையத் தின்னும். தாழ்மேகம் மட்டும் வேண்டுமானால் அதை அணைத்துவிடலாம். மேக அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று எப்படிப் படிகின்றன என்ற அனுமானம் மாதிரியின் கதிர்வீச்சுப் பகுதியில் இருப்பதோடு ஒத்துப்போக வேண்டும். இல்லாவிட்டால் நீங்கள் சோதிப்பது வேறொரு மாதிரியை. மதிப்பில்லாத இடங்களில் காஸ்ப் மாபெரும் எதிர்ம எண் ஒன்றைப் போடும். அதை வடிகட்டாமல் சராசரி எடுத்தால் வரைபடமே பாழ். ஆவணங்கள் இந்த விஷயங்களை இன்னும் தெளிவாகச் சொல்லலாம்.

2006 ஏப்ரலில் ஒன்றாக ஏவப்பட்ட கலிப்சோவும் கிளவுட்சாட்டும் 2023இல் பணியை முடித்துக்கொண்டன. 2024 மே மாதம் ஐரோப்பாவும் ஜப்பானும் சேர்ந்து அனுப்பிய எர்த்கேர் இப்போது மேலே இருக்கிறது. அதன் லேசர் 355 நானோமீட்டர், கலிப்சோவுடையது 532. இரண்டும் மேகத்தைக் கண்டுபிடிக்கும் விதம் ஒன்றல்ல. இரண்டின் பதிவுகளையும் அப்படியே ஒட்டி நீண்டகாலப் போக்கு பார்க்க நினைப்பவர்கள் பொறுத்திருங்கள். முதலில் ஒரே காலநிலை மாதிரியை இரண்டு லேசர் சிமுலேட்டர்களிலும் ஓட்டி, கருவி மாறியதால் மட்டும் எவ்வளவு வித்தியாசம் வருகிறது என்று பாருங்கள். நான் இப்போது செய்துகொண்டிருப்பது அதைத்தான்.