அம்மாவோடு நீண்ட தூரப் பயணமா? 2-4-2 சீட் உள்ள விமானத்தைப் பாருங்கள்

அம்மாவும் நானும் லண்டன் போக டிக்கெட் தேடியபோது இரண்டு வழிகள் இருந்தன. சென்னையிலிருந்து நேரடி விமானம், போயிங் 787. எகானமியில் வரிசைக்கு 3-3-3, அதாவது இரண்டு நடைபாதைகள், அவற்றால் பிரிந்து மூன்று மூன்றாக சீட். இன்னொன்று கொழும்பில் மாறி ஏர்பஸ் ஏ330-இல் போவது. அதில் 2-4-2. நான் ஏ330-ஐ எடுத்தேன். கொழும்பில் காத்திருப்பது அலைச்சல்தான், ஆனாலும் அம்மாவோடு போவதென்றால் மறுபடியும் அதையே எடுப்பேன்.

787 நல்ல விமானம், மறுக்க முடியாது. ஜன்னல் பெரிது. கேபின் காற்றழுத்தம் 6,000 அடி உயரத்துக்குச் சமமாக இருக்கும், பழைய ரக விமானங்களில் அது 8,000 அடி வரை போகும். காற்றில் ஈரப்பதமும் கொஞ்சம் கூடுதல். சீட் அகலத்தில்தான் அடி வாங்குகிறது. 787-இன் கேபின் அகலம் 5.49 மீட்டர், அதில் ஒன்பது பேர். ஏ330-இன் அகலம் 5.28 மீட்டர்தான், ஆனால் எட்டே பேர். சீட்டுக்கு ஏறக்குறைய ஓர் அங்குலம் வித்தியாசம், பக்கத்தில் இருப்பவரின் முழங்கை இடிக்காமல் தூங்க அது போதும்.

என்னைப் பொறுத்தவரை முடிவு செய்தது அகலம்கூட இல்லை, எழுந்து போகும் வசதி. 2-4-2-இல் எந்த சீட்டில் உட்கார்ந்தாலும் ஒரே ஒருவரைத் தாண்டினால் நடைபாதை வந்துவிடும். ஜன்னலோரத்தில் அம்மா, பக்கத்தில் நான், அவ்வளவுதான். 3-3-3-இல் ஜன்னலோரம் உட்கார்ந்தால் இரண்டு பேரை எழுப்ப வேண்டும், அதில் ஒருவர் முன்பின் தெரியாதவர். அம்மாவுக்கு முட்டி வலி, கூச்ச சுபாவம் வேறு. தூங்குகிறவரை எழுப்ப வேண்டுமே என்று தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்வார். நாலு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்தால் காலில் ரத்தம் உறையும் ஆபத்து கூடும் என்பதால் எனக்கு இது சின்ன விஷயமில்லை. ஏ330-இல் நினைத்தபோதெல்லாம் எழுந்து பின்பக்கம் வரை நடந்துவிட்டு வந்தார்.

787-ஐயும் 2-4-2-ஆக அமைக்கலாம். ஜப்பான் ஏர்லைன்ஸ் தன் சர்வதேச விமானங்களில் அப்படித்தான் வைத்திருக்கிறது. அது கிடைத்தால் யோசிக்கவே வேண்டாம்.

துபாய் வழியாகப் போகிறவர்களுக்குப் போயிங் 777 வரலாம். அதில் 3-4-3, பத்தில் நாலு பேர் இரண்டு பக்கமும் ஆள் இருக்க நடுவில் மாட்டிக்கொள்வார்கள். ஆனால் விமானத்தின் வால் பக்கம் குறுகுவதால் பல 777-களில் கடைசிச் சில வரிசைகள் 2-4-2-ஆக இருக்கும். டாய்லெட் பக்கம், சந்தடி உண்டு. இரண்டு பேராகப் போனால் அதையே பிடியுங்கள். ஏர்பஸ் ஏ350-இல் சின்னதாக ஒரு பகல் பயணம் மட்டும் போயிருக்கிறேன். சத்தமே இல்லை, சீட்டும் தாராளம். ராத்திரி முழுக்க உட்கார்ந்து பார்க்காமல் அதற்கு மேல் சொல்ல மாட்டேன்.

ஏ330-இலும் சில சீட்டுகளுக்கு அடியில் டிவிக்கான பெட்டி இருக்கும், கால் நீட்ட இடைஞ்சல். கடைசி நேரத்தில் வேறு ரக விமானத்தையும் மாற்றிவிடுவார்கள். அதனால் கிளம்புவதற்கு முந்தின நாள் சீட் வரைபடத்தை இன்னொரு தடவை திறந்து பார்த்துவிடுங்கள்.