கத்திரி வெயிலும் ரோட்டரி எஞ்சினும்: இன்டர்கூலர் மாற்றி மூன்று கோடைகள்

மத்திய கைலாஷ் சிக்னலில் நிற்கும்போது மற்றவர்கள் பச்சை விளக்குக்காகக் காத்திருப்பார்கள். நான் ரேடியேட்டர் தண்ணீரின் சூட்டைக் காட்டும் எண்ணைப் பார்த்துக்கொண்டிருப்பேன். 2022 மே மாதம் ஒரு பிற்பகலில் அது 98, 101, 104 என்று ஏறிக்கொண்டே போனது. ஏசியை அணைத்தேன், கண்ணாடியை இறக்கினேன், கடைசியில் எஞ்சின் சூட்டைக் கொஞ்சம் வெளியே இழுக்கட்டும் என்று ஹீட்டரையும் போட்டேன். மே மாதச் சென்னையில் ஹீட்டர் போட்டுக்கொண்டு காரில் உட்கார்ந்திருந்தவன் அன்று நான் ஒருவனாகத்தான் இருந்திருப்பேன். காரின் மூக்கிலோ பளபளவென்று ஒரு புது இன்டர்கூலர். காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் டர்போவில் அந்தக் காற்று சூடேறும்; உள்ளே போகுமுன் அதைக் குளிர்விப்பதுதான் இன்டர்கூலர். 'சூடு குறையும்' என்று பலரும் சொல்லி வாங்கவைத்த பொருள் அது. மாட்டி மூன்று வாரம்கூட ஆகியிருக்கவில்லை.

கார் 1993ஆம் ஆண்டு மாஸ்டா ஆர்எக்ஸ்-7, எஃப்டி வகை. சிங்கப்பூரில் நெடுநாள் வேலை பார்த்த என் சித்தப்பா ஊர் திரும்பும்போது கூடவே கொண்டுவந்தது. அவருக்கு முதுகுவலி வந்த பிறகு சாவி என் கைக்கு வந்தது. மாஸ்டா என்றால் நம் ஊரில் ஸ்வராஜ் மாஸ்டா வேன்தான் நினைவுக்கு வரும். "அந்த வேன் கம்பெனியா சார் இதைச் செய்தது?" என்று பெட்ரோல் பங்கில் இன்றும் கேட்கிறார்கள். ஆமாம் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவேன்.

பானட்டுக்குள் இருப்பது 13பி என்ற ரோட்டரி எஞ்சின். பிஸ்டனுக்குப் பதிலாகச் சுழலும், ஒவ்வொன்றும் 654 சிசி கொண்ட இரண்டு முக்கோண ரோட்டர்கள், ஒன்றன்பின் ஒன்றாக வேலைக்கு வரும் இரண்டு டர்போக்கள், 255 குதிரைத்திறன். பிஸ்டன் கிடையாது, வால்வு கிடையாது. ரோட்டரின் ஒவ்வொரு முனையிலும் அபெக்ஸ் சீல் என்ற மெல்லிய உலோகப் பட்டை உண்டு, மொத்தம் ஆறு. எஞ்சினின் உயிர் அந்த ஆறில்தான் இருக்கிறது. உள்ளே போகும் காற்று அளவுக்கு மீறிச் சூடானால் பெட்ரோல் நேரம் தப்பி வெடிக்கும். அதைத்தான் நாக்கிங் என்கிறோம். பிஸ்டன் எஞ்சின் பெரும்பாலும் அதைக் கொஞ்சம் தாங்கிக்கொள்ளும். ரோட்டரியில் அபெக்ஸ் சீல் ஒடிந்தால் அந்தத் துண்டு புகைவாய் வழியாகப் போய் டர்போவின் இறக்கைகளையும் தின்றுவிடும். ஆகவே இந்தக் காரில் இன்டர்கூலரை வேகத்துக்கான அலங்காரம் என்று நான் நினைப்பதில்லை. அது காப்பீடு.

கணக்குப் போட்டால் விஷயம் விளங்கும். வெளியே 40 டிகிரி வெயில். டர்போ காற்றை 10 பிஎஸ்ஐக்கு அழுத்துகிறது. அதாவது வெளிக்காற்றின் அழுத்தத்தைப் போல் சுமார் 1.7 மடங்கு. டர்போவின் அழுத்தும் திறன் 65 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் காற்றின் சூடு 78 டிகிரி ஏறி 118 பக்கம் வந்து நிற்கும். அந்த ஏற்றத்தில் பாதியை எடுக்கும் இன்டர்கூலர் 79 டிகிரிக் காற்றைத் தரும். எழுபது சதவீதத்தை எடுப்பது 63 டிகிரிக்கு இறக்கும். இந்த இரண்டுக்கும் இடையே காற்றின் அடர்த்தியில் கிட்டத்தட்ட ஐந்து சதவீதம் வித்தியாசம் உண்டு. நாக்கிங் எல்லையில் அதைவிடப் பெரிய வித்தியாசம். ஆனால் எவ்வளவு விலை கொடுத்தாலும், வெளிக்காற்றால் குளிரும் எந்த இன்டர்கூலரும் வெளிக்காற்றைவிடக் குளிர்ந்த காற்றைத் தராது. குளிர்நாட்டுக்காரர்கள் எழுதும் எண்களைப் பார்த்து நாம் பெருமூச்சு விட வேண்டியதில்லை.

கம்பெனி கொடுத்த இன்டர்கூலர் எஞ்சின் அறையின் பக்கவாட்டில் ஒடுங்கி உட்கார்ந்திருக்கும் சிறிய பொருள். இரு முனைத் தொட்டிகளும் பிளாஸ்டிக். முப்பது வருடத்தில் அதற்குக் காற்று கொண்டுவரும் பிளாஸ்டிக் குழல் விரிந்து, உடைந்து, பாதி காணாமலே போயிருந்தது. மாற்றுவதற்கு மூன்று வழிகள். அதே இடத்தில் பெரிய கோர் (காற்று ஊடே போய்க் குளிரும் துடுப்புப் பகுதி) வைப்பது ஒன்று. பம்பருக்குப் பின்னால், ரேடியேட்டருக்கு முன்னால் வைக்கும் முன்மவுன்ட் இன்னொன்று. மூன்றாவது வி-மவுன்ட்: ரேடியேட்டரும் இன்டர்கூலரும் ஆங்கில 'வி' எழுத்தைப் படுக்கவைத்தாற்போல் சாய்ந்து நின்று, ஒரே வாயில் வரும் காற்றைப் பங்கு போட்டுக்கொள்ளும். கொள்கையளவில் சிறந்தது மூன்றாவதுதான். ஆனால் அந்த வகையில் பல அமைப்புகளுக்கு ஏசி குழாய்களை வெட்டி வளைக்க வேண்டும். சிலவற்றில் ஏசியையே கழற்ற வேண்டும். இந்த ஊரில் ஏசியைக் கழற்று என்பவரோடு மேற்கொண்டு பேச ஒன்றும் இல்லை.

விலை குறைவு, பார்க்கக் கம்பீரம் என்று முன்மவுன்டை வாங்கினேன். விற்ற கடையின் பெயர் இங்கே வேண்டாம். குழாய் ஒன்று இரண்டு விரல் அகலம் குட்டையாக வந்தது. கேட்டதற்குப் பதிலே இல்லை.

ஒன்றைச் சொல்ல வேண்டும். முன்மவுன்ட் காற்றைக் குளிர்விக்கவில்லை என்று நான் சொல்லவே மாட்டேன். பிரமாதமாகக் குளிர்வித்தது. சிக்கல் அதன் பின்னால் இருந்தது. ஏசி கண்டென்ஸர், ரேடியேட்டர் என்ற இரண்டு அடுக்குக்கு முன்னால் மூன்றாவது அடுக்காக இது நின்றுகொண்டது. ஓடும்போது பரவாயில்லை. ஓஎம்ஆரில் ஊர்ந்தால் ரேடியேட்டருக்குப் போவது ஏற்கெனவே இரண்டு இடத்தில் சூடான காற்று. ரோட்டரி எஞ்சின் இயல்பிலேயே சூட்டைக் கொட்டுவது. தண்ணீர் கொதித்தால் உள்ளே இருக்கும் ரப்பர் சீல்கள் போய்விடும். ஒரு சீலைக் காப்பாற்றப் போய் இன்னொரு சீலைப் பலி கொடுக்கும் ஏற்பாடு. ஜூன் மாதம் கழற்றிவிட்டேன்.

அடுத்தது, அதே பக்கவாட்டு இடத்தில் உட்காரும் பெரிய கோர். பார் அண்ட் பிளேட் கட்டமைப்பு (அலுமினியக் கம்பிகளும் தகடுகளும் மாறிமாறி அடுக்கியது), முனைத் தொட்டிகள் வார்ப்பு அலுமினியம். வரியும் கூலியும் சேர்த்து ஒன்றே கால் லட்சம் ஆயிற்று. பேட்டரி இடித்ததால் அதை இருக்கைக்குப் பின்னால் உள்ள பெட்டிக்கு மாற்றினேன். 2022 நவம்பரில் மாட்டியாயிற்று. சோதித்தால் முன்னேற்றம் மிகச் சொற்பம். வயிற்றெரிச்சலாக இருந்தது.

சோதித்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் முதலில் நானே ஏமாந்தேன். எஃப்டியில் காற்றின் சூட்டை அளக்கும் சென்சார், எஞ்சினுக்குள் காற்றைப் பிரித்து அனுப்பும் இன்டேக் மேனிஃபோல்டின் உலோகத்தில் பதிந்திருக்கிறது. சிக்னலில் ஐந்து நிமிடம் நின்றால் அது உலோகத்தின் சூட்டைச் சொல்ல ஆரம்பித்துவிடும். கிளம்பிய பிறகும் இறங்க நேரமாகும். அதை நம்பி எந்த இன்டர்கூலரையும் எடைபோடக் கூடாது. ரிச்சி தெருவில் சூட்டை அளக்கும் கே வகைத் தெர்மோகப்பிள் கம்பி இரண்டும், இரண்டு எண்ணையும் ஒன்றாகக் காட்டும் மீட்டர் ஒன்றும் வாங்கினேன். ஒன்றை இன்டர்கூலருக்கு முன் குழாயிலும் மற்றதைப் பின் குழாயிலும் நுழைத்தேன். இன்டர்கூலரைக் கடக்கும்போது காற்று இழக்கும் அழுத்தத்தை அளக்க இரண்டு கேஜ் வைக்கவில்லை. இரண்டு கேஜ் இருந்தால் இரண்டு பொய் சொல்லும். ஒரே கேஜ், நடுவில் ஒரு மூவழி வால்வு. முதல் சுற்றில் முன்பக்கம், அடுத்த சுற்றில் பின்பக்கம்.

சாலையில் இதையெல்லாம் செய்யக் கூடாது. இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் பொதுமக்களை விடும் நாட்களில் போய்வந்தேன். சுற்று 3.7 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். நேர்ப்பாதையின் முடிவில் பக்கத்து இருக்கை நண்பர் எண்ணைக் குறித்துக்கொள்வார். ஒவ்வொரு நாளும் வெயில் வேறு என்பதால், வெளிக்காற்றைவிட எத்தனை டிகிரி அதிகம் என்ற கணக்கை மட்டும் வைத்துக்கொண்டேன். பழைய கம்பெனி இன்டர்கூலரில் 48. முன்மவுன்டில் 17. ஒன்றே கால் லட்சத்துப் புதியதில் 37! அழுத்த இழப்பு மட்டும் 2.2 பிஎஸ்ஐயிலிருந்து 1.1க்கு இறங்கியிருந்தது. கோரின் உள்ளே அடைப்பில்லை என்று அதிலேயே தெரிந்தது. அப்படியானால் வெளியே ஓடும் காற்றில்தான் கோளாறு.

புதுப்பேட்டையில் லாரி ரேடியேட்டர் வேலை பார்க்கும் பாய் ஒருவரிடம் காரைக் கொண்டுபோனேன். அவர் என் மீட்டரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கடைக்குள்ளிருந்து ஸ்டாண்ட் ஃபேனை இழுத்துவந்து பம்பருக்கு முன்னால் வைத்தார். இரண்டு ஊதுபத்தியைக் கொளுத்திப் பம்பர் வாயருகே பிடித்தார். புகை உள்ளே போனது. கோரின் முகம்வரை ஒழுங்காகப் போய், பிறகு கோரைத் தொடாமல் மேலும் பக்கமுமாகப் பிரிந்து, விளிம்பில் இருந்த இடைவெளி வழியாக எஞ்சின் அறைக்குள் நழுவிவிட்டது. கோருக்குப் பின்பக்கம் கையை வைத்துப் பார்த்தேன், காற்றே இல்லை.

"காற்று சோம்பேறி, தம்பி" என்றார் பாய். "இரண்டு வழி இருந்தால் சுலபமான வழியில்தான் போகும். அந்த வழியை முதலில் அடையுங்கள்."

ஒரு மில்லிமீட்டர் அலுமினியத் தகட்டில் குழல் ஒன்று அடித்தார். அட்டையில் மாதிரி வெட்டி, மூன்று முறை வைத்துப் பார்த்து, நான்காம் முறைதான் தகட்டில் கை வைத்தார். வாய் சிறிது, வயிறு பெரிது: பம்பர் பக்கம் குறுகலாகத் தொடங்கிக் கோரை நெருங்க நெருங்க மெதுவாக விரியும் வடிவம். திடீரென்று விரித்தால் காற்று ஓரத்தில் சுழன்று வீணாகும் என்பதை அவர் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. மூலைகளுக்குப் பாப் ரிவெட், கோரைத் தொடும் விளிம்பு முழுக்க ஏசி குழாயில் சுற்றும் கறுப்பு நுரைப் பட்டை. கோரின் பின்னாலிருந்து சூடான காற்று கீழே இறங்கிப் போக அடித்தட்டில் ஒரு வழியும் விட்டார். மறுபடி ஊதுபத்தி. இந்த முறை புகை கோரின் துடுப்புகளுக்குள் நுழைந்து பின்பக்கம் மெல்லிய திரையாக வந்தது. கூலி 4,500 ரூபாய்.

அடுத்த சோதனையில் வந்த எண் 24. பெரிய கோர் கொடுத்த பலன் 11 டிகிரி, பாயின் தகடு கொடுத்தது 13. இன்றைக்கு யாராவது என்னிடம் எந்த இன்டர்கூலர் வாங்கலாம் என்று கேட்டால், இருப்பதற்கே முதலில் ஒரு குழலை அடித்துப் பாருங்கள் என்றுதான் சொல்வேன். முன்மவுன்டின் 17 இன்னும் நல்ல எண்தான். ஆனால் அந்த ஏழு டிகிரிக்காக ரேடியேட்டரின் வாயை மூட நான் தயாரில்லை. முந்தைய தலைமுறை ஆர்எக்ஸ்-7இன் 95 டிகிரி ஃபேன் சுவிட்ச்சையும் மாட்டிவிட்டேன். எஃப்டியில் கம்பெனி கொடுத்தது 100ஐத் தாண்டிய பிறகுதான் ஃபேனை எழுப்பும். ஜப்பானுக்கு அது சரியாக இருந்திருக்கலாம்.

2023, 2024, 2025 என்று மூன்று கத்திரிகளும், 14,000 கிலோமீட்டரும் ஆகிவிட்டன. குறை இல்லாமல் இல்லை. பார் அண்ட் பிளேட் கோர் கனமானது. சூட்டை மெதுவாக வாங்கும், வாங்கினால் மெதுவாகத்தான் விடும். வேகமாக ஒருமுறை விரட்டும்போது அது நன்மை. டைடல் பார்க் நெரிசலில் இருபது நிமிடம் வெந்த பிறகு கிளம்பினால், முதல் முக்கால் நிமிடத்துக்கு உள்ளே போகும் காற்று 65 டிகிரிக்குக் குறையாது. அந்த நேரத்தில் ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதிப்பதில்லை என்று கால் தானாகப் பழகிவிட்டது. பெட்ரோலும் 95 ஆக்டேனுக்குக் குறைந்து போடுவதில்லை. பங்கில் 100 கிடைக்கும் நாள் திருநாள். இன்டர்கூலரோடு தண்ணீரும் மெத்தனாலும் பீய்ச்சும் அமைப்பை வெளிநாட்டில் பரிந்துரைக்கிறார்கள். தமிழ்நாட்டில் மெத்தனால் வாங்கவும் வைத்திருக்கவும் உரிமம் வேண்டும். அதன் காரணம் எல்லாருக்கும் தெரியும், கள்ளச்சாராயம். அந்த யோசனையை அங்கேயே விட்டுவிட்டேன்.

திருவான்மியூரில் வீடு. கடல் காற்றின் உப்பு அலுமினியத் துடுப்பில் வெள்ளைப் பூவாய்ப் பூக்கிறது. மாதம் ஒருமுறை பின்பக்கமிருந்து சாதாரணத் தண்ணீர் அடிக்கிறேன். பிரஷர் வாஷர் பட்டால் துடுப்பு படுத்துவிடும். மழை ஓய்ந்த டிசம்பர் மாலைகளில் ஈசிஆரில் போய்வந்தால் கோர் முகம் முழுக்கத் தட்டான்கள். பழைய டூத்பிரஷ்தான் அதற்கு மருந்து. சிலிகோன் குழாய் இணைப்புகளின் கிளாம்ப் ஐயாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை தளர்கிறது. ஒருமுறை டர்போ அழுத்தம் 7க்கு மேல் ஏறவில்லை. எங்கே கசிகிறது என்று கண்ணுக்குத் தெரியவில்லை. தெருமுனைப் பஞ்சர் கடையில் ஒரு பிவிசி மூடியில் டியூப் வால்வைப் பொருத்தி, டர்போ வாயில் மாட்டிக் காற்றடித்து, இணைப்பெல்லாம் சோப்புத் தண்ணீர் தடவினோம். மூன்றாவது கிளாம்ப் அருகே நுரை முட்டையிட்டது. பத்து நிமிட வேலை. கடைக்காரர் ஐம்பது ரூபாய்தான் கேட்டார்.

முதலில் வாங்கிய முன்மவுன்ட் இன்னும் பரணில் கிடக்கிறது. கோயம்புத்தூரில் ஒருவர் தன் டீசல் வண்டிக்குக் கேட்டிருக்கிறார். கோரை மட்டும்தான் தர முடியும் என்று சொல்லியிருக்கிறேன். கூட வந்த குழாய்களைப் பாய் எப்போதோ வாங்கிக்கொண்டுபோய், கடை வாசலில் பந்தல் கால் ஆக்கிவிட்டார்.